தொட்டிக்கு மூன்று கொட்டேஷன்

ஒன்பது வருஷமாக எனக்கு ஒரு ஆத்திரம் தீரவில்லை. நாற்பத்தெட்டு வீடுகள் உள்ள ஒரு அடுக்குமாடிக் கட்டடம். அதன் வீட்டு உரிமையாளர் சங்கத்துக்கு நீல அட்டை போட்ட கூட்டக் குறிப்பேடு ஒன்று உண்டு. அதில் ஒரு வரி இருக்கிறது: "மேல்நிலைத் தொட்டிச் சீரமைப்பில் ஏற்பட்ட நஷ்டத்துக்கு அப்போதைய பொருளாளரின் கவனக்குறைவே காரணம் எனக் கூட்டம் கருதுகிறது." அந்த வரியை அடியுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். நேரில் போய்க் கத்தியும் பார்த்தேன். "அந்தம்மாவே ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்காங்க, உனக்கு எங்க வலிக்குது?" என்றார்கள். சங்கப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனால், புகார் கொடுத்தவரே வாபஸ் வாங்கிவிட்டார், கோப்பு மூடியாகிவிட்டது என்று ஜன்னலுக்கு உள்ளே இருந்தபடியே சொல்லி அனுப்பினார்கள்.

எங்கே வலிக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க என்னால் முடியவில்லை. இங்கே சொல்கிறேன்.

அந்தப் பொருளாளரை எல்லாரும் கண்டக்டர் அக்கா என்பார்கள். முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். குட்டையான உருவம், ஆனால் மூன்றாவது மாடிவரை கேட்கிற குரல். புருஷன் சீக்கிரமே போய்விட்டார். ஒரே மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் காலை முதல் பஸ்ஸுக்கு ஓடி வளர்த்தவர். மகள் கல்யாணமாகி வேறு ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் பில் போடும் வேலை பார்த்தாள். ஓய்வு பெற்றபோது வந்த பணம் முழுவதையும் போட்டு, தரைத்தளத்தில் ஒரு படுக்கையறை வீடு ஒன்றை வாங்கினார் அக்கா. மோட்டார் அறைக்கு ஒட்டின வீடு. சத்தத்துக்குப் பயந்து யாரும் வாங்காததால் விலை குறைவு.

நான் அங்கே குழாய் வேலைக்காரன். மோட்டார், தொட்டி, வடிகால் எல்லாம் என் பாடு. அக்கா குடிவந்த முதல் வாரமே மோட்டார் அறையில் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, வண்டி இப்படி இருமுது? டாக்டர்கிட்ட காட்டினியா?"

"பேரிங் போச்சு அக்கா. சத்தம் தொந்தரவா இருக்கா?"

"எனக்கா? முப்பத்தோரு வருஷம் இன்ஜின் பக்கத்துல நின்னவ. சத்தம் நின்னாத்தான் தூக்கம் கலையும். மேல இருக்கிற ராசாக்களுக்குத்தான் பாவம், பூ மாதிரி காது."

அன்றிலிருந்து அங்கே வேலைக்குப் போனால் அவர் வீட்டில் எனக்கு ஒரு டீ உண்டு. டீயோடு திட்டும் உண்டு.

சங்கத்தில் பொருளாளர் பதவி யாருக்கும் வேண்டாத பதவி. தலைவர் பதவி அப்படி இல்லை. நான் சொல்லும் தலைவர் நான்காவது முறையாக அந்த நாற்காலியில் இருந்தார். வீடு வாங்கி விற்கும் தரகு அவர் தொழில். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, எல்லாரிடமும் குழைவு. அவர்தான் அக்காவைத் தேடி வந்தார்.

"ஒரு கையெழுத்துதான் அக்கா. மத்ததெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்."

"கையெழுத்து போட்டா மத்தது எல்லாத்தையும் நான்தானே பார்க்கணும்?" என்று கேட்டுவிட்டு அக்கா ஒப்புக்கொண்டார்.

முந்தைய பொருளாளர் ஒப்படைத்தது ஒரு துணிப்பை. அதற்குள் கசங்கிய ரசீதுகள். அக்கா சாப்பாட்டு மேசைமேல் கொட்டி மூன்று வாரம் உட்கார்ந்து தேதிவாரியாக அடுக்கினார். அடுத்த மாதத்திலிருந்து லிப்டுக்குப் பக்கத்துப் பலகையில் ஒரு தாள் தொங்க ஆரம்பித்தது. என்ன வந்தது, என்ன போனது, யாருக்குப் போனது, எல்லாம் அவர் கையெழுத்தில். குழாய் வாஷர் வாங்க எனக்குக் கொடுத்த சில்லறை உட்பட. தலைவர் அதைக் கிழித்துக்கொண்டு அவர் வீட்டு வாசலுக்கு வந்தார். நான் உள்ளே சமையலறைக் குழாயைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"வீடு பார்க்க வர்றவங்க கண்ணுல படுது அக்கா. நம்ம வீட்டு விஷயம் நாலு சுவத்துக்குள்ள இருக்கணும்."

"நாப்பத்தெட்டு வீடு தம்பி. சுவரே நூத்துக்கு மேல இருக்கு. எந்த நாலு?"

அன்று மாலையே புதுத் தாள் தொங்கியது. ஒட்டுவதற்குப் பசை அதிகம் போட்டிருந்தார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். சங்க விதிப்படி பெரிய வேலை எதற்கும் மூன்று பேரிடம் விலை கேட்க வேண்டும். மூன்று கொட்டேஷன், அதில் குறைந்த விலைக்காரருக்கு வேலை. விதி நல்ல விதிதான். ஆனால் எங்கள் தொழிலில் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தோம். துணைக் கொட்டேஷன் என்போம். வேலை யாருக்கு என்று முதலிலேயே முடிவாகிவிடும். அந்த ஆள் இரண்டு பேரிடம் வெற்று லெட்டர்ஹெட் வாங்கிக்கொள்வான். கீழே கையெழுத்தும் முத்திரையும் இருக்கும். மேலே அதிக விலையை அவனே நிரப்பிக்கொள்வான். இன்றைக்கு நான் உனக்குத் துணை, நாளைக்கு நீ எனக்கு. யாரும் இதைத் திருட்டு என்று நினைத்ததில்லை. ஏணி இரவல் கொடுப்பதுபோல ஒரு உதவி என்றுதான் நானும் நினைத்தேன்.

மொட்டை மாடித் தொட்டி கசிய ஆரம்பித்த வருஷம், தலைவரின் மச்சான் என்னைக் கூப்பிட்டார். தலைவர் மனைவியின் கூடப்பிறந்த தம்பி. பதினாலு கட்டடங்களில் பராமரிப்பு ஒப்பந்தம் அவர் கையில். என் அடுப்பு எரிவது பாதி அவரால்தான்.

"அண்ணே, ஒரு பேப்பர் குடுங்க. அந்தத் தொட்டிக்கு."

கொடுத்தேன். கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, வெற்றுத் தாளாக. அதற்குப் பலனாக வால்வு மாற்றும் வேலை மூன்று நாள் கிடைத்தது. அந்த மூன்று நாளும் மேலே நின்று கண்ணால் பார்த்தேன். பழைய பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும், விரிசலை அடைக்க வேண்டும், பிறகு இரண்டு கை கசிவுத் தடுப்புப் பூச்சு அடிக்க வேண்டும். மச்சானின் ஆட்கள் ஈரம்கூடக் காயாமல் மேலாக ஒரு கை தடவிவிட்டு இறங்கினார்கள். நான் வால்வை முடுக்கினேன். வாயையும் முடுக்கிக்கொண்டேன்.

ஐந்தாவது மாதம் மேல்தளத்து வீடு ஒன்றில் கூரைப் பூச்சு பெயர்ந்து கட்டில்மேல் விழுந்தது. கட்டிலில் படுத்திருந்த கிழவர் அப்போதுதான் கழிப்பறைக்கு எழுந்து போயிருந்தார். தண்ணீர் சுவர் வழியாக மின்பெட்டிவரை இறங்கியது. வீட்டுக்கு வீடு மறுபடி பணம் கட்ட வேண்டும் என்று பேச்சு வந்ததும் எல்லாருக்கும் திடீரென்று கணக்கு ஞாபகம் வந்தது. முழுத் தொகைக்கும் காசோலையில் யார் கையெழுத்து? கண்டக்டர் அக்கா.

ஒரு மத்தியானம் போன் செய்து என்னை வரச் சொன்னார். போனேன். மேசைமேல் மூன்று தாள் வரிசையாக இருந்தன. டீ இல்லை.

"உட்காரு. இந்தத் தொட்டிக்குள்ள எத்தனை தடவை இறங்கியிருப்ப?"

"நூறு தடவை இருக்கும் அக்கா. வருஷத்துக்கு நாலு தடவை கழுவறோமே."

"உள்ள அறை எத்தனை?"

"மூணு. குடிக்க ஒண்ணு, புழங்க ஒண்ணு, தீ பிடிச்சா அணைக்க ஒண்ணு."

நடுவில் இருந்த தாளை என் பக்கம் நகர்த்தினார். மேலே என் பெயர், கீழே என் முத்திரை. நடுவே அச்சில்: நான்கு அறைகள் கொண்ட தொட்டி.

"மத்த ரெண்டு பேரும் நாலுன்னு எழுதியிருக்கான். மேல ஏறிப் பார்க்காதவன், போகட்டும். நூறு தடவை இறங்கினவனுக்கு எப்படி நாலாச்சு?"

தாளை எடுத்துப் படித்தேன். வேறொரு கட்டடத்துக்கு அடித்ததை அப்படியே மூன்று தாளிலும் ஏற்றியிருக்கிறான் மச்சான். இல்லாத நாலாவது அறைக்கும் பூச்சுக் கூலி வாங்கியிருக்கிறான். வெற்றுத் தாள் கொடுத்த எனக்கு அதுகூடத் தெரியாது. உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

அக்கா கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.

"அந்த ரெண்டு பேரும் யாருன்னே அன்னைக்கு எனக்குத் தெரியாது தம்பி. உன் பேப்பரைப் பார்த்துத்தான் கையெழுத்து போட்டேன். இவன் வேலை தெரிஞ்சவன், இவன் இவ்வளவு கேக்கறான், அப்போ இதைவிடக் கம்மியா கேக்கறவன் நியாயமாத்தான் கேக்கறான்னு நினைச்சேன். நீதான் எனக்கு அளவுகோல்."

அக்கா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"எழுதிக் குடுப்பியா?"

"அக்கா, பதினாலு கட்டடம்..."

"சரி. யோசி. யோசிச்சுட்டுச் சொல்லு."

யோசிக்கவில்லை. அந்தத் தெருப்பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன். அக்கா தனியாகவே பதிவாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தார்.

பொதுக்கூட்டத்துக்கு முந்தின நாள் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "சும்மா வந்து ஓரமா நில்லு" என்றார். கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். அக்கா மூன்று தாளோடு எழுந்தார். பின்வரிசையில் ஒருவன், "விசில் அடிங்க அக்கா, மீட்டிங் கிளம்பட்டும்" என்றான். சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார்.

"அடிக்கறேன். அதுக்கு முன்னாடி தலைவர்கிட்ட ஒண்ணு கேக்கறேன். வேலை எடுத்தவர் உங்களுக்கு என்ன வேணும்?"

தலைவர் முகம் மாறவே இல்லை. "மச்சான்தான். இதுல ஒளிக்க என்ன இருக்கு? மூணு பேர்ல கம்மி விலைக்காரருக்குக் குடுத்தோம். மச்சானா இருக்கறதால கூட்டிக் குடுத்தோமா?"

"மச்சான்னு அன்னைக்கு ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே அக்கா."

மறுபடி சிரிப்பு. அக்கா விடவில்லை. இல்லாத அறையைப் பற்றிச் சொன்னார். தலைவர் அதை அச்சுப்பிழை என்றார். மூன்று பேருக்கும் ஒரே அச்சுப்பிழையா என்றார் அக்கா. அப்போது தலைவர் தூணருகே நின்ற என்னைக் கைகாட்டினார்.

"நம்ம பிளம்பர் இதோ நிக்கிறார். எல்லாருக்கும் தெரிஞ்சவர். நீங்களே சொல்லுங்க, இந்தத் தொட்டிக்கு நீங்க கொட்டேஷன் குடுத்தீங்களா, இல்லையா?"

எல்லாத் தலையும் திரும்பின. மச்சான் முதல் வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தார். அக்கா மட்டும் திரும்பவில்லை. கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடுத்தேன்," என்றேன்.

பொய் இல்லை. தாள் கொடுத்தேன்தானே. அந்தச் சமாதானத்தை எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒரு நாளும் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. நீலக் குறிப்பேட்டில் அந்த வரி அன்றைக்குத்தான் ஏறியது. தொட்டிக்கு மறுபடி வசூலித்த பணமும் மச்சானுக்கே போனது. இந்த முறையும் அதே மேல்தடவல்தான், பூச்சு மட்டும் சாம்பல் நிறம். அக்கா பதவியிலிருந்து எடுக்கப்பட்டார். பலகையில் தாள் தொங்குவதும் நின்றது.

அதற்குப் பிறகு அவரோடு லிப்டில் ஏறுகிறவர்கள் குறைந்தார்கள் என்று காவலாளி சொன்னான். தரைத்தளத்துக்காரருக்கு லிப்ட் எதற்கு என்று கேட்டேன். "மொட்டை மாடிக்குப் போறாங்க அண்ணே. வாரம் ஒரு தடவை. விரிசல் எவ்வளவு நீண்டிருக்குன்னு சாக்பீஸ்ல கோடு போட்டு, பக்கத்துல தேதி எழுதிட்டு வர்றாங்க" என்றான். ஒரு குழந்தை அவரைப் பார்த்து, "நீங்கதான் தொட்டியத் தின்ன ஆன்ட்டியா?" என்று கேட்டதாம். "ஆமாம்மா, கொஞ்சம் உப்பு கம்மி" என்றாராம்.

அடுத்த வருஷம் அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டது. ரத்தத்தைச் சுத்தம் செய்ய வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ஊசி குத்திப் படுக்க வேண்டும். வீட்டை விற்றுவிட்டு மகளோடு போவது என்று முடிவானது. வீட்டை விற்க, பாக்கி எதுவும் இல்லை என்று சங்கம் சான்று தர வேண்டும். அது இல்லாமல் வாங்குகிறவர்களுக்கு வங்கி கடன் பணத்தை விடுவிக்காது. தலைவர் சான்றை எழுதி வைத்திருந்தார். கையெழுத்துதான் போடவில்லை. புகாரை வாபஸ் வாங்கு, நஷ்டத்துக்கு என் கவனக்குறைவே காரணம் என்று எழுதிக் கொடு, உடனே சான்று என்பது அவர் பேரம். நாலு மாதம் இழுத்தார். அந்த நாலு மாதமும் மகள் வேலையை விட்டுவிட்டு அம்மாவோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தாள்.

எனக்கு இதெல்லாம் காவலாளி சொல்லித்தான் தெரியும். கேட்ட அன்று சாப்பாடு இறங்கவில்லை. என் மனைவி, "என்னதான் உங்களுக்கு?" என்று கேட்டாள். முதல் தடவையாக அவளிடம் எல்லாம் சொன்னேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்துவிட்டு வந்தாள். "பதினாலு கட்டடம் இல்லாட்டி செத்தா போயிடுவோம்?" என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு ஒரு நிமிஷம் ஆனது. எனக்கு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

அந்தப் பதினாலு கட்டடமும் பிறகு போகத்தான் செய்தன. அக்கா அந்த வீட்டைவிட்டுப் போன ஐந்தாம் மாதம் மகள் வீட்டில் இறந்தார். எனக்குச் சேதி சொல்லவில்லை. மகள் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. வீட்டு விலையில் ஒரு பெரிய துண்டு குறைந்ததும், அந்தத் துண்டில் அம்மாவுக்கு இன்னும் சில மாத வைத்தியம் இருந்ததும் என்னால் என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கில் நான் பிழை சொல்ல மாட்டேன்.

நடந்தது இதுதான். மனைவியிடம் சொன்ன மறுநாள் என் லெட்டர்ஹெட்டிலேயே எல்லாவற்றையும் எழுதினேன். வெற்றுத் தாள் கொடுத்தது, கொத்தாமல் பூசியதைப் பார்த்தும் பேசாமல் இருந்தது, கூட்டத்தில் சொன்னது, எல்லாம். கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். சாயங்காலம் நாலு மணி. வீட்டில் பாதிச் சாமான் பெட்டிக்குள் போயிருந்தது. மகள் மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். அக்கா நாற்காலியில் இருந்தார். கை முழுக்க ஊசிக் கன்றல், முகம் வீங்கியிருந்தது. தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"காலைல ஒன்பதரைக்குத் தலைவர் வந்தார் தம்பி. அவர் எழுதி எடுத்துட்டு வந்ததுல கையெழுத்து போட்டுட்டேன். சான்று வந்தாச்சு. பஸ் போனப்புறம் கை காட்டற நீ."

நின்றபடியே இருந்தேன். உட்காரச் சொல்லவில்லை.

"கிழிச்சுடறேன் அக்கா," என்றேன்.

"தேதி போடலை பாரு. போடு."

போட்டேன். தாளை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"வாங்கறது சின்னஞ்சிறுசுங்க. ரெண்டும் வேலைக்குப் போகுது. முதல் வீடு. அந்தப் பொண்ணு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, கட்டடம் நல்லா இருக்கா அம்மான்னு கேட்டுச்சு. மோட்டார் சத்தம் கேக்கும்னேன். அதோட நிறுத்திட்டேன். தொட்டியைப் பத்திச் சொல்லலை. அடுத்த வருஷம் மறுபடி வசூல் வரும்னு சொல்லலை. விக்கறவ நானாச்சே, வாய் வரலை. தலைவர் மச்சானைப் பத்தி வாயத் திறக்காம இருந்தார்னு அத்தனை கத்தினேன். ரெண்டு ராத்திரியா எனக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்னு பார்த்துட்டு இருக்கேன்."

"அக்கா, உங்க உடம்புக்குக் காசு வேணும். தெரிஞ்சா விலையை இறக்குவாங்க. வாங்காமக்கூடப் போயிடுவாங்க."

"தெரியும்."

தாளை என் கையில் திணித்தார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு மிச்சப் பணத்தோட வர்றாங்க. நீ ஒன்பதரைக்கே வந்து வாசல் கேட் பக்கத்துல நில்லு. என் மக கண்ணுல படாதே, அவ உன்னை விடமாட்டா. அதுங்க ரெண்டையும் இங்க வரவிடாம நேரா மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போ. தொட்டி மூடியைத் தூக்கு. டார்ச் அடிச்சு அறையை எண்ணிக் காட்டு, விரிசல் எங்க இருக்குன்னு காட்டு. இந்தப் பேப்பரை அந்தப் பொண்ணு கையில குடு. முழுசாப் படிக்கட்டும், அவசரப்படுத்தாதே. அதுக்கப்புறமும் வாங்கறேன்னு சொன்னா, என்ன விலைன்னாலும் சரி, கீழ கூட்டிட்டு வா."